தாங்கும்

வில்லாபுரம் குடியிருப்பில் மூன்றாவது சந்து.
சாக்கடைமேல் போட்டிருந்த பலகையில்
பைக்கை ஏற்றி உள்ளே விட்டேன்.
கடகடவென்றது. வேறொன்றும் தோன்றவில்லை.

என் பட்டியலில் ஒன்பதாவது வீடு.
போன வாரம் செல்லூரில்
பார் விளையாடியவர் முன்பணம் கேட்டார், நியாயம்தான்.
மரணக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் சுற்றியவர்
சிம்மக்கல்லில் சாலையைக் கடக்க
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
கோமாளி வீட்டில்
அப்பாவைச் சிரிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள் என்று
மகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

இங்கே புஷ்கலா.
பதினெட்டு வருடம்,
நாளுக்கு மூன்று காட்சி,
காட்சிக்கு இருபத்திரண்டு கத்தி.
எறிந்தவர் அருமைநாதன்.
சுவரொட்டியில் மாஸ்டர் ரிக்கி,
ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர்,
இப்போது கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில்.
போன செவ்வாய்தான்
அண்ணா நகர் கண்ணாஸ்பத்திரியில் வலது கண்.
வெங்காயம்கூட நறுக்க விடுவதில்லையாம் அவரை.

தமுக்கத்தில் கூடாரம் போட்ட வருடம்
பதினோரு நாள் மழை.
சம்பளப் பாக்கிக்குப் பதிலாக
ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி.
ஒருவருக்கு ஜெனரேட்டர்,
ஒருவருக்குக் குட்டைக் குதிரை,
இவர்களுக்குப் பலகை.

ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. ஃப்ளாஷ் போட்டேன்.
நாற்பத்தொரு படம்.
ஒன்றில்கூட புஷ்கலாவின் இமை விழவில்லை.
கஷ்டப்பட்டுத் திறந்து வைக்க வேண்டாம் என்றேன்.
"மூடத்தான் கஷ்டம்."
தூங்கும்போதும் பாதி திறந்துதான் கிடக்கும் என்று
கட்டிலிலிருந்து குரல் வந்தது.
"பேய் மாதிரி."

அந்தப் பலகை இப்போ எங்கே?
"அதுமேலதான வண்டி ஓட்டி வந்தீங்க."

மூன்று பேரும் வெளியே போனோம்.
அதைப் புரட்டிச் சுவரில் சாய்த்து
வாளித் தண்ணீரை வீசி ஊற்றினார் புஷ்கலா.
சேறு வழிய வழிய
முதலில் ஒரு காது.
பிறகு கழுத்து இறங்கும் சரிவு,
விரித்த கை, ஒட்டிய இடுப்பு.
கத்தி நுனி கொத்திக் கொத்திப் பொரிந்த மரம்,
அதன் நடுவில்
இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தியின் அளவுக்கு
ஒரு கீறலும் இல்லாத மரம்.

காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய்
இறக்கிவிட்டேன்.
எடுத்தாகிவிட்டது, எப்போதோ.

ஆனாலும் புத்தி போகுமா,
ஒரு தடவை அதில் நிற்கிறீங்களா என்று கேட்டேன்.
"நின்னா இப்ப எட்டுக் கத்தி எனக்குள்ள இருக்கும்,"
இடுப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.
"நீங்க ஒல்லி. நீங்க நில்லுங்க."

நின்றேன். முதுகெல்லாம் ஈரம்.
காமிரா அவர் கையில்,
எந்தப் பொத்தான் என்று கேட்டுக்கொண்டார்.
அருமைநாதன் எண்ணி எட்டு அடி பின்னால் போனார்.
கண்ணாடியைக் கழற்றவில்லை.
வலது கை காதுக்குப் பின்னால் போனது,
கையில் ஒன்றும் இல்லை,
ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்,
எதிர்வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது,
கை இறங்கியது.

"கண்ணை மூடிட்டீங்க," என்றார் புஷ்கலா.
"படம் வீண்."

கொத்திய பக்கம் கீழே பார்க்க
திரும்பவும் சாக்கடைமேல் போட்டார்கள்.
நான் பைக்கை உருட்டிக்கொண்டு
பலகையில் படாமல் ஓரமாய்த் தாண்டப் பார்த்தேன்.
முன்சக்கரம் இறங்கிவிட்டது.
அருமைநாதன் இன்னும் ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது.
புஷ்கலாதான் சேலையைச் செருகிக்கொண்டு
ஒற்றை மூச்சில் தூக்கிவிட்டார்.

"எதுக்குப் போட்டிருக்கு அது?
ஏறிப் போங்க. தாங்கும்."